ஆற்றாமையின் பருவம்: அனிமேயில் இளமையும் நட்பும் கனவும்

கேள்வி இதுதான்: பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஜப்பானிய அனிமே, அதாவது அசைபடக் கதைகள், எல்லாம் "கனவைக் கைவிடாதே, நண்பர்கள் துணை நிற்பார்கள், கடைசியில் ஜெயிப்பது நீதான்" என்று ஒரே பல்லவியைத்தானே பாடுகின்றன? பதினைந்து வயதுப் பிள்ளை இதையே பார்த்துக்கொண்டிருந்தால் வாழ்க்கையைப் பற்றித் தப்புக் கணக்குப் போட்டுக்கொள்ளாதா? கேட்டவர் ஒரு தகப்பனார். அவருடைய மகள் இவற்றில் மூழ்கிக் கிடக்கிறாள் என்ற கவலை கேள்வியிலேயே தெரிந்தது. கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை.

1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற மங்கா (சித்திரக்கதை) இதழின் தாரக மந்திரமாகப் பெயர்பெற்றவை மூன்று சொற்கள்: நட்பு, முயற்சி, வெற்றி. உலகெங்கும் பெயர் பெற்ற சண்டைக் கதைகளும் விளையாட்டுக் கதைகளும் பெரும்பாலும் அந்த அச்சில் வார்க்கப்பட்டவையே. ஆனால் வளரும் பருவத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட கதைகளில் தேர்ந்தவற்றை எடுத்துப் பார்த்தால், அவை அந்த மூன்றாவது சொல்லைச் சத்தமில்லாமல் உருவிவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்திருப்பது தெரியும். ஜப்பானிய மொழியில் அதற்கு 'குயாஷீ' என்று பெயர். தோற்றதனால் வரும் துக்கம், தன் மேலேயே வரும் கோபம், இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாமே என்ற உறுத்தல், வென்றவரை வெறுக்கவும் முடியாத தவிப்பு, இத்தனையும் ஒன்றாகத் திரண்டது அது. வருத்தம் என்றால் போதவில்லை, பொறாமை என்றால் தவறாகிவிடும். நம்முடைய 'ஆற்றாமை' ஓரளவு நெருங்கி வருகிறது. இந்தக் கதைகளில் கனவின் அளவுகோல் வெற்றியல்ல, அந்த ஆற்றாமைதான் என்பது என் கட்சி.

அதற்கு முன் காலக் கணக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இளமையை ஜப்பானியர் 'செய்ஷுன்' என்பார்கள். எழுத்தைப் பிரித்தால் பச்சை வசந்தம் என்றும் கொள்ளலாம், நீல வசந்தம் என்றும் கொள்ளலாம், ஏனென்றால் முதல் எழுத்து இரண்டு நிறங்களையும் குறிக்கும். பழைய சீன மரபில் வசந்தத்துக்கு உரிய நிறம் அது. மழைக்கும் பருவம், மங்கைக்கும் பருவம் என்று ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமான எண்ணமல்ல. பருவம் என்றால் வந்த வழியே போய்விடும். ஜப்பானில் அந்தப் போக்குக்குத் தேதியே குறித்திருக்கிறது. உயர்நிலைப் பள்ளி ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் மூன்று ஆண்டுகள், பதினைந்திலிருந்து பதினெட்டு வயது வரை. மாலையில் வகுப்பு விட்டதும் பிள்ளைகள் விளையாட்டு, இசை, ஓவியம் என்று ஏதோ ஒரு மன்றத்துக்குப் போகிறார்கள். மூன்றாம் ஆண்டில் போட்டியில் எப்போது தோற்கிறார்களோ அப்போதே மன்றத்திலிருந்து 'ஓய்வு' பெறுகிறார்கள். மேடைக் கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் தொழிலை விட்டு விலகுவதற்கு வழங்கும் அதே சொல்லைத்தான் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கெடு கதைக்கு வெளியே இல்லை. ஒவ்வொரு காட்சியிலும் ஒரு நாள் குறைந்துகொண்டே வருகிறது.

எடுத்துக்காட்டுக்குப் பல தொடர்கள் உண்டு என்றாலும், ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. தகேதா அயானோ எழுதிய நாவல்களைக் கொண்டு, இஷிஹாரா தட்சுயாவின் இயக்கத்தில் கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2015, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக, அதாவது மூன்று 'பருவங்களாக', உருவாக்கிய 'ஹிபிகே! யூஃபோனியம்' அது. கியோட்டோவுக்குத் தெற்கே, தேயிலைக்குப் பெயர் போன உஜி ஊரில் ஒரு பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவைப் பற்றிய கதை. தொடக்கக் காட்சி நடுநிலைப் பள்ளிப் போட்டி ஒன்றின் முடிவு அறிவிக்கும் நேரம். குழுவுக்குத் தங்கம் கிடைக்கிறது, ஆனால் அடுத்த சுற்றுக்கு அனுப்பப்படும் தங்கம் அல்ல. 'உதவாத தங்கம்' என்று பிள்ளைகளே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். யூஃபோனியம் என்ற பித்தளை ஊதுகருவியை வாசிக்கும் குமிகோ, தங்கம் கிடைத்ததே பெரிது என்று மூச்சுவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் டிரம்பெட் வாசிக்கும் ரெய்னா அழுதுகொண்டிருக்கிறாள். ஆற்றாமையில் செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறாள். குமிகோ யோசிக்காமல் வாயைத் திறந்து, தேசியப் போட்டிக்குப் போய்விடலாம் என்று நிஜமாகவே நினைத்தாயா என்று கேட்டுவிடுகிறாள். அந்தக் கேள்வியில் கேலி கிடையாது, வெறும் வியப்புதான். அதனால்தான் அது அவ்வளவு காயப்படுத்துகிறது. அப்படி ஆசைப்படுகிறவர்கள் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிகிறது.

முதல் பருவத்தின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அந்தக் கேள்வி அவளிடமே திரும்பி வருகிறது. போட்டிக்கான இசைத் துண்டில் கடினமான ஒரு பகுதியை எவ்வளவோ பயிற்சி செய்தும் அவளால் சரியாக வாசிக்க முடியவில்லை. அந்த இடத்தை நீ வாசிக்க வேண்டாம் என்று ஆசிரியர் தாகி சொல்லிவிடுகிறார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அவள் உஜிப் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டே, தேற வேண்டும், இன்னும் தேற வேண்டும் என்று கத்தி அழுகிறாள். ரெய்னா அன்று எதற்காக அழுதாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. கனவு பிறக்கும் நேரம் என்று ஒன்று இந்தத் தொடரில் உண்டென்றால் அது இதுதான். கோப்பையைப் பார்த்து அவளுக்குக் கனவு பிறக்கவில்லை. தன் கை எட்டாத இடத்தைப் பார்த்துத்தான் பிறந்தது.

அதற்கு முந்தைய அத்தியாயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. டிரம்பெட் தனி வாசிப்புக்கு முதலாண்டு மாணவி ரெய்னா தேர்வாக, மூன்றாம் ஆண்டு மாணவி கயோரிக்கு அது கிடைத்திருக்க வேண்டும் என்று குழுவே இரண்டுபடுகிறது. கயோரிக்கு அது கடைசி ஆண்டு. எல்லோருக்கும் பிடித்தவள், மூன்று ஆண்டுகள் பொறுத்திருந்தவள். அரங்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் இருவரும் மறுபடி வாசிக்கிறார்கள். ஒரு வாத்தியத்தின் குரல் இன்னொன்றைவிட மேலானது என்பதைப் பார்வையாளர் தம் காதாலேயே தெரிந்துகொள்ளும்படி அந்தக் காட்சியை அமைத்திருக்கிறார்கள். பிறகு ஆசிரியர் கயோரியிடம், நீங்கள் வாசிக்கிறீர்களா என்று கேட்கிறார். என்னால் முடியாது என்று அவளே சொல்கிறாள். சொல்லும் முகத்தில் நிம்மதியும் துக்கமும் ஒன்றாக இருக்கின்றன. பொறுத்தார் பூமியாள்வார் என்பது எல்லா இடத்திலும் செல்லாது என்பதைப் பதினெட்டு வயதுப் பெண் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் காட்சி இது. நல்லவள், உழைத்தவள், ஆனாலும் கிடைக்கவில்லை.

2024-இல் வந்த மூன்றாம் பருவம் இதைவிடத் துணிந்தது. இப்போது குமிகோ குழுத் தலைவி. வேறு பள்ளியிலிருந்து மாறி வந்த மயூ என்ற பெண்ணும் யூஃபோனியம் வாசிக்கிறாள். தேசியப் போட்டிக்கான தனிப் பகுதியை யார் வாசிப்பது என்பதை முடிவு செய்யத் திரைக்குப் பின்னால் இருவரும் வாசிக்க, மற்றவர்கள் முகம் தெரியாமலே வாக்களிக்கிறார்கள். வாக்குகள் சமமாக நிற்க, தீர்க்கும் வாக்கு ரெய்னாவிடம் வந்து சேருகிறது. குமிகோவின் வாத்தியக் குரல் எது என்று காதாலேயே அறிந்தவள், அறிந்தே மயூவைத் தேர்ந்தெடுக்கிறாள். மூல நாவலில் குமிகோவே வாசிக்கிறாள். அனிமேயில் அதை மாற்றியபோது ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். என் தீர்ப்பு மாற்றியவர்கள் பக்கம்தான். முதல் பருவத்தில் கயோரிக்கு ஒரு நியாயம் சொல்லிவிட்டு, கதாநாயகி என்பதற்காகக் குமிகோவுக்கு வேறொரு நியாயம் வைத்திருந்தால் தொடரே பொய்யாகிப் போயிருக்கும். அன்றிரவு மலை மேல் ரெய்னா அழுகிறாள், தோற்ற குமிகோ அவளைத் தேற்றுகிறாள். உற்ற தோழிக்கு எதிராக வாக்களித்ததுதான் அந்த நட்பின் உச்சம். அதன் பிறகு குமிகோ இசைக் கல்லூரிக்குப் போகவில்லை. பின்னாளில் அதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பி வருகிறாள். ரெய்னா அமெரிக்காவுக்கு இசை படிக்கப் போகிறாள். இருவரில் யார் கனவை அடைந்தவர் என்று தொடர் கேட்பதே இல்லை.

இந்த மூன்றாம் பருவத்தை உருவாக்கியவர்கள் எந்த நிலையில் அதைச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜூலை 18-இல் கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்தின் கலைக்கூடத்துக்கு ஒருவன் தீ வைத்ததில் 36 பேர் இறந்தார்கள். குமிகோவுக்கும் ரெய்னாவுக்கும் முகம் கொடுத்த ஓவியர் இகேதா ஷோகோவும் அவர்களில் ஒருவர்.

விளையாட்டுக் கதைகளில்கூட இந்த நோக்கு அவ்வப்போது எட்டிப் பார்க்கும். கைப்பந்தைப் பற்றிய 'ஹைக்யூ' 2014-இல் தொடங்கியது. வெற்றி என்ற சொல்லைக் கைவிடாத தொடர்தான். ஆனாலும் முதல் சுற்றிலேயே கதாநாயகன் அணியிடம் தோற்று வெளியேறும், பெயர்கூட மனத்தில் நிற்காத ஒரு பள்ளிக்காகச் சற்று நிற்கிறது. நாங்களும் கைப்பந்து ஆடினோம் என்று அதில் ஒருவன் சொல்கிறான். யாருடைய கதையும் ஆகாதவர்களுக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம்.

தனியாகக் காணும் கனவுக்கு வந்தால், ஜிப்லி நிறுவனத்தின் 1995 படமான 'மிமி வோ சுமசெபா'வுக்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். ஹிராகி அவோயின் மங்காவுக்கு மியாசாகி ஹயாவோ திரைக்கதை எழுத, கொந்தோ யோஷிஃபுமி இயக்கினார். அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம் இது. 1998-இல் 47 வயதில் காலமானார். டோக்கியோவின் மேற்குப் புறத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், அக்காவோடு ஒரே அறையைப் பங்கிட்டுக்கொண்டு, புத்தகமே கதியென்று இருக்கும் ஷிசுகு, உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு நெருங்கும் ஆண்டில் செய்ஜி என்ற பையனைச் சந்திக்கிறாள். அவன் வயலின் செய்யக் கற்றுக்கொள்ள இத்தாலியின் கிரெமோனாவுக்குப் போகவிருக்கிறான். அவன் மேல் அவளுக்கு வருவது காதல் மட்டுமல்ல. அவனுக்கு வழி தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்ற ஆற்றாமையும்தான். படிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கதை எழுத உட்காருகிறாள்.

மதிப்பெண் சரிந்து வீட்டில் பேச்சு எழும்போது தகப்பனார் நடந்துகொள்ளும் முறையைக் கேள்வி கேட்டவர் கவனித்துப் பார்க்க வேண்டும். அவர் தடுக்கவில்லை, உன்னால் எல்லாம் முடியும் என்று தட்டிக்கொடுக்கவும் இல்லை. உன் மனத்துக்குப் பட்டதைச் செய்து பார், ஆனால் மற்றவர்கள் போகாத வழியில் போவது சிரமம், என்ன ஆனாலும் பழியை யார் மேலும் போட முடியாது என்று மட்டும் சொல்கிறார். அனுமதியும் எச்சரிக்கையும் ஒரே மூச்சில்.

கதையை எழுதி முடித்து முதல் வாசகரான செய்ஜியின் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு அவள் குளிரில் வெளியே போய்க் காத்திருக்கிறாள். அந்தக் கிழவர் முன்னொரு நாள் அவளுக்கு ஒரு கல்லைக் காட்டியிருந்தார்: வெளியே கரடுமுரடு, உள்ளே பச்சைநிறப் படிகம், ஆனால் பட்டை தீட்டாதது. இப்போதும் அதையேதான் சொல்கிறார். கதை முரடாக இருக்கிறது, முடியாமல் இருக்கிறது, செய்ஜியின் வயலினைப் போல. அவர் சொல்வது பாராட்டுதான், ஆனால் அவள் உடைந்து அழுகிறாள். ஆசை மட்டும் இருந்தால் போதாது, இன்னும் நிறையக் கற்க வேண்டும் என்பது எழுதி முடித்த பிறகுதான் அவளுக்குப் புரிகிறது. அவர் சூடாக நூடுல்ஸ் ஆக்கிக் கொடுக்கிறார். அவள் வீட்டுக்குத் திரும்பி, உயர்நிலைப் பள்ளிக்குப் போவதென்று முடிவெடுக்கிறாள். படம் பார்த்துவிட்டுப் பிள்ளை படிப்பை விட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இந்தப் படத்தையே மருந்தாகக் கொடுக்கலாம். 1989-இல் அதே நிறுவனம் எடுத்த 'கிகி'யிலும் பதின்மூன்று வயதுச் சூனியக்காரச் சிறுமிக்குத் திடீரென்று பறக்க வராமல் போக, ஓவியத் தோழி சொல்லும் யோசனை இன்னும் கடுமையாக முயற்சி செய் என்பதல்ல. வரையாமல் விட்டுவிடு, நடந்துவிட்டு வா, மதியம் தூங்கு என்பதுதான்.

இனி நட்பு. இதில் நான் முதலில் வைப்பது 2018 ஜனவரி முதல் மார்ச் வரை 13 அத்தியாயங்களாக வந்த 'சோரா யோரி மோ தோய் பாஷோ'. பெயரின் பொருள், வானைவிடத் தொலைவான இடம். இஷிசுகா அட்சுகோ இயக்கத்தில் மேட்ஹவுஸ் நிறுவனம் எடுத்தது. குன்மா மாநிலத்துத் ததெபயாஷி என்ற சிறு நகரில், எதையும் தொடங்கிப் பார்க்கப் பயந்தே காலம் தள்ளும் கிமாரி, ரயில் நிலையத்தில் 10 லட்சம் யென் உள்ள உறை ஒன்றைக் கண்டெடுக்கிறாள். அது அண்டார்டிகாவில் காணாமல் போன தாயைத் தேடிப் போவதற்காக ஷிராசே பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணம். பள்ளியே அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. பிறகு பள்ளியை விட்டுவிட்டுக் கடையில் வேலை பார்க்கும் ஹினாதா, நடிகையாக இருப்பதால் தோழியே இல்லாத யுசுகி என்று நால்வர் சேர்ந்து, 1957-இல் ஜப்பான் அமைத்த ஷோவா நிலையத்துக்குக் கப்பலேறுகிறார்கள்.

நால்வர் நட்பு அழகானதுதான், ஆனால் இந்தத் தொடரின் மிக நுட்பமான பாத்திரம் பயணத்தில் இல்லாதவள். கிமாரியின் சிறுவயதுத் தோழி மெகுமி நிதானமானவள், அறிவுள்ளவள். கிமாரிக்கு எப்போதும் யோசனை சொல்பவள். ஐந்தாம் அத்தியாயத்தில், கிமாரி புறப்படும் நாள் விடியலில், மெகுமி அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். நட்பை முறித்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்கிறாள். இவர்களைப் பற்றி வதந்தி கிளப்பியது, பணம் வைத்திருப்பதை மற்றவர் காதில் போட்டது எல்லாம் தான்தான் என்று ஒப்புக்கொள்கிறாள். காரணத்தையும் அவளே கண்டுபிடித்துச் சொல்கிறாள்: ஒன்றுமில்லாதவள் நீ என்று நினைத்திருந்தேன், ஒன்றுமில்லாதவள் நான்தான், நீ என்னைச் சார்ந்து நிற்கவில்லை, நான்தான் உன்னைச் சார்ந்து நின்றேன், அதனால் உன்னிடமும் எதுவும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நண்பரின் வளர்ச்சியைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு நொடி சுருங்கிய அனுபவம் இல்லாதவர் யார்? அந்தச் சுருக்கத்தை இவ்வளவு நேராக வெளிச்சத்தில் வைத்த காட்சியை நான் வேறெங்கும் பார்த்த நினைவில்லை. கிமாரி பதிலுக்குக் கோபப்படவில்லை, மன்னித்தேன் என்று பெருந்தன்மை காட்டவும் இல்லை. ஓடி வந்து காதருகே, முறிவு செல்லாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவிடுகிறாள்.

அதே தொடர் பதினோராம் அத்தியாயத்தில் நேர்மாறாகவும் பேசுகிறது. ஹினாதாவைக் கைவிட்ட பழைய தடகளத் தோழிகள், அவள் அண்டார்டிகாவில் இருப்பது தெரிந்ததும், நேரலைக்கு முந்திய ஒத்திகையில் கையசைக்க வந்து நிற்கிறார்கள். மன்னித்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று ஹினாதாவே தடுமாறும்போது, ஷிராசே ஒலிவாங்கியின் முன் போய் நின்று, அவள் முன்னே போகிறாள், நீங்கள் அந்த உறுத்தலோடே இருந்துகொள்ளுங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். மெகுமிக்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. வித்தியாசம் எளிது: மெகுமி தானாக வந்து, தன்னையே போட்டு உடைத்தாள், இவர்கள் தங்கள் பாரத்தை இறக்கிவைக்க வந்தார்கள்.

நட்பும் கனவும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொண்ட கதை என்றால் புஜிமோதோ தட்சுகியின் மங்காவை ஓஷியாமா கியோதாகா 2024-இல் படமாக்கிய 'லுக் பேக்'. ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வகுப்புச் செய்தித்தாளில் நான்கு கட்டச் சித்திரக்கதை வரைந்து பேர் வாங்கும் ஃபுஜினோ, பள்ளிக்கே வராத கியோமோதோ வரைந்ததைப் பார்த்து மனம் ஒடிந்து, இரவும் பகலும் வரைந்து பழகி, முடியாதென்று ஒருநாள் தூக்கிப் போட்டுவிடுகிறாள். அதே கியோமோதோ அவளை ஆசிரியை என்று அழைத்துக் கையொப்பம் கேட்கிறாள். கியோமோதோவின் முன்னால் அலட்சியமாக நடித்துவிட்டு, ஃபுஜினோ திரும்பும் வழியில் மழையில் நனைந்தபடி துள்ளிக் குதித்துப் போகும் காட்சியில் ஒரு வசனமும் கிடையாது. மேசை முன் குனிந்த முதுகு, ஜன்னலில் மாறும் பருவங்கள்: உழைப்பைக் காட்ட இந்தப் படம் இதற்கு மேல் எதையும் நாடவில்லை. பிற்பகுதியில் வரும் இழப்பைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

குறைகளும் உண்டு. இவற்றை எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் பள்ளியை விட்டு வந்து நெடுங்காலம் ஆன பெரியவர்கள். தாம் இழந்த பருவத்துக்குப் பொன்முலாம் பூசிவிடுவது இயல்பு. பதினெட்டு வயதோடு வாழ்க்கையின் ஒளியெல்லாம் தீர்ந்துவிட்டது போன்ற தொனி, சுமாரான தொடர்களில் சலிப்பூட்டும் அளவுக்கு வருகிறது. ஷிசுகுவின் வீட்டு நெருக்கடியைக் காட்டிய நேர்மை எல்லாப் படைப்புகளிலும் இருப்பதில்லை. பல தொடர்களில் பெற்றோரும் இல்லை, பணக் கவலையும் இல்லை. மன்றப் பயிற்சியின் சுமையையும் இவை தியாகமாகவே காட்டும். நிஜத்தில் அது பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் எவ்வளவு வாட்டியது என்றால், 2018-இல் ஜப்பான் விளையாட்டுத் துறை தலையிட்டு, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, வேலை நாள்களில் பயிற்சி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் என்று வரையறை சொல்ல வேண்டியிருந்தது. குமிகோவின் குழு இருட்டும் வரை வாசிப்பதைப் பார்த்து நெகிழும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே, மகளிடமிருந்து இவற்றைப் பிடுங்க வேண்டாம் என்பதே கேட்டவருக்கு என் பதில். எதைப் பார்க்கிறாள் என்று பார்த்து, ஒன்றையாவது கூட உட்கார்ந்து பார்க்கலாம். தொடங்குவதற்கு ஷிசுகுவின் கதை பொருத்தம், ஏனென்றால் அதில் ஒரு தகப்பனாருக்கும் இடமிருக்கிறது. அதன் பிறகு அண்டார்டிகா. வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். ஐந்தாம் அத்தியாயத்தில் வாசலில் வந்து நின்ற மெகுமியை மறந்துவிடாதீர்கள். பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நால்வரும் திரும்பி வந்து, கிமாரி வீட்டை அடைந்து, வந்துவிட்டேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்புவாள். முடிந்துவிட்டது என்று எழுந்துவிட வேண்டாம். பதிலாக மெகுமியிடமிருந்து ஒரு புகைப்படம் வரும். அது எங்கே எடுத்தது என்பதைப் பார்த்துக் கிமாரி போடும் கூச்சல்தான் தொடரின் கடைசிக் குரல்.